எழுதாக் கவிதையை ஏட்டில் ஏற்றியவர்: குஜராத்திக் கவிஞர் ஜவேர்சந்த் மேகாணி

நமுனுகுல மலையின் ஒன்பது முடிகளையும் பனி மூடியிருக்கும் வைகறைப் போதில், அதன் சரிவுகளில் அமைந்த தேயிலைத் தோட்டங்களிலே இருவகை ஒலிகள் நெடுங்காலம் கேட்டுவந்தன. ஒன்று, தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைக்கும் தப்பொலி. மற்றொன்று, கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றுமுன் குழந்தையைத் துணித்தொட்டிலில் இட்டு ஆட்டும் தாயின் தாலாட்டு. தப்பொலிக்குப் பின் நிகழ்ந்தவை யாவும் கணக்கேட்டில் ஏறின. எத்தனை பேர் வந்தனர், எத்தனை இறாத்தல் கொழுந்து பறித்தனர், எவர் பேருக்கு அரைநாள் விழுந்தது என்பன அங்கே குறிக்கப்பெற்றன. தாலாட்டோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அதனைப் பாடியவளுக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிந்தவருக்கு அது பாட்டாகத் தோன்றவில்லை.

எழுதப்படாத பாட்டு இலக்கியம் ஆகுமா? ஆகுமெனின், அதனைக் காப்பது யார் கடன்? இவ்வினாக்கள் மலைநாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், இந்தியாவின் மேலைக் கரையில், குஜராத்தி மொழி வழங்கும் சௌராட்டிர நாட்டிலும் இதே வினாக்கள் எழுந்தன. அவற்றுக்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாக அளித்தவர் ஜவேர்சந்த் காளிதாஸ் மேகாணி. கவிஞர், கதைஞர், பத்திரிகையாளர், விடுதலைப் போராளி, இலக்கிய ஆராய்ச்சியாளர் எனப் பல துறைகளில் விளங்கிய இப்பெரியாரின் வரலாறு, தமிழ் மாணவர் அறிந்து பயன்கொள்ளத் தக்கதாகும்.

மலையின் குழந்தை

மேகாணி 1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 28ஆம் நாள் சோட்டிலா என்னும் ஊரிற் பிறந்தார். சமவெளியினிடையே தனித்து எழும் ஒரு குன்றின் அடிவாரத்தில் அமைந்தது அவ்வூர். குன்றின் உச்சியிற் சாமுண்டா தேவியின் கோயில் உள்ளது. தந்தையார் காளிதாஸ், ஆங்கிலேயரின் காத்தியவார் ஏஜென்சியில் காவற்றுறையிற் பணிபுரிந்தவர். இருநூறுக்கு மேற்பட்ட சிறு சமஸ்தானங்களாகப் பிரிந்து கிடந்த அந்நாட்டில், காவலரின் இடமாற்றம் என்பது ஒரு காட்டுப் புறத்திலிருந்து மற்றொரு காட்டுப் புறத்துக்குச் செல்வதேயாகும். ஆதலின் அவர் இளமை ஓரூரில் நிலைத்ததன்று. கணவாய்களும் ஆற்றுப் படுகைகளும் காவற் சாவடிகளுமே அவருக்கு விளையாட்டிடங்கள். பிற்காலத்தில் தம்மை மலையின் குழந்தை என்றே அவர் கூறிக்கொண்டார்.

அவ்விளமையில் அவர் செவியிற் பட்டவை இருவகைப் பாட்டுக்கள். சாரணர் என்னும் குலத்தார் வழிவழியாக வீரர் புகழையும் குதிரைகளின் வேகத்தையும் கொடையாளர் பெருமையையும் பாடிவந்தனர். நம் பாணரையும் பொருநரையும் ஒருவாறு நினைவூட்டும் மரபினர் அவர். மற்றையது பெண்டிர் பாட்டு. நவராத்திரி இரவுகளில் விளக்கை நடுவில் வைத்து வட்டமாகச் சுற்றி ஆடும் கர்பாவும், கோலாட்டத்தை ஒத்த ராசமும், திருமணப் பாட்டும், இழவுப் பாட்டும் இதன்பாற்படும். சாரணர் பாட்டுக்கு அரசவையில் ஓரளவு மதிப்பிருந்தது. பெண்டிர் பாட்டுக்கோ முற்றமே அவை.

பவநகரிலுள்ள சாமள்தாஸ் கல்லூரியில் ஆங்கிலமும் வடமொழியும் பயின்று மேகாணி பட்டம் பெற்றார். 1888இல் காந்தியடிகள் ஒரு தவணைக் காலம் பயின்றதும் இக்கல்லூரியிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. காளிதாசரையும் ஆங்கிலக் கவிகளையும் பாடமாகக் கற்ற மாணவர், தம் தாயார் பாடிய பாட்டைக் கவிதை வரிசையிற் சேர்த்து எண்ணுதல் அக்காலத்து வழக்கமன்று. ஆங்கிலக் கல்வி பெற்றோர் எந்நாட்டிலும் இத்தகைய பிரிவுக்கு ஆளாயினர். மேகாணியின் சிறப்பு, அப்பிரிவினைக் கடந்து மீண்டமையேயாகும்.

கல்கத்தாவும் மீட்சியும்

கல்விக்குப் பின் அவர் கல்கத்தா சென்று, ஜீவன்லால் என்பாரின் அலுமினியப் பாத்திர நிறுவனத்தில் மூன்றாண்டளவு பணியாற்றினார். முதலாளியுடன் இங்கிலாந்துக்கும் சென்று சில திங்கள் தங்கி மீண்டார். தலைப்பாகை களையாத இக்காத்தியவார் இளைஞரைத் தொழிலாளர் 'பகடிபாபு' என அழைத்தனராம். வங்காள மொழியை அங்குக் கற்ற அவர், தாகூரின் கவிதைகளில் ஆழ்ந்தார். உலகம் போற்றும் ஒரு மகாகவி, வங்கத்துப் பாவுல் பாடகரின் நாடோடி இசையிலும் குழந்தைகளை உறங்கவைக்கும் சிறு பாக்களிலும் உயிர்நிலையான கவிதையைக் கண்டார் என்பது, இளம் மேகாணியின் உள்ளத்திற் பெரும் மாற்றத்தை விளைத்தது.

நல்ல ஊதியமும் உயர்வுக்கு வழியும் இருந்தும், ஊரின் நினைவு அவரை விடவில்லை. 1921இல் வேலையைத் துறந்து, தாம் வருவதாக நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதிவிட்டுத் தாய்நாடு திரும்பினார். மறு ஆண்டு, ராண்பூரில் அம்ருத்லால் சேத் நடத்திய 'சௌராஷ்டிர' என்னும் வார இதழிற் சேர்ந்தார். அதே 1922ஆம் ஆண்டில் அவரது முதல் நூலும் வெளிவந்தது. தாகூரின் கதைப்பாடல்களைத் தழுவிய 'குர்பானீனீ கதாவோ' (தியாகக் கதைகள்) என்பதே அது. முதல் நூல் பிறமொழிப் பெருங்கவியைத் தழுவியதாயினும், அதன் பின் அவர் பார்வை தம் மண்ணை நோக்கியே திரும்பிற்று.

தேடலும் தொகுப்பும்

சௌராட்டிரத்தின் பழைய வரலாற்றை அக்காலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகளும் சமஸ்தான எழுத்தாளருமேயாவர். அவ்வேடுகளில் நாட்டுமக்கள் வரி செலுத்துவோராகவும் குற்றவாளிகளாகவும் தோன்றினரேயன்றி மனிதராகத் தோன்றவில்லை. அம்மக்களே தம்மைப் பற்றிச் சொல்லிவந்த கதைகளை மேகாணி தேடினார். நடந்தும், குதிரையிலும் ஒட்டகத்திலும் ஏறியும் ஊரூராகச் சென்றார். ஹடாளா என்னும் ஊரின் குறுநிலத் தலைவர் வாஜசூர் வாளா போன்ற முதியோரிடம் இரவு முழுதும் இருந்து கதை கேட்டார். கேட்டவற்றைக் குறிப்பேடுகளில் அவசரமாகக் குறித்து, பின்னர் ஒழுங்குபடுத்தினார். அக்குறிப்பேடுகளைத் துணையாகக் கொண்டே தம் தேடலின் கதையைப் பிற்காலத்தில் 'பரகம்மா' என்னும் நூலாகவும் எழுதினார்.

இவ்வாறு தோன்றியதே 1923 முதல் 1927 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்த 'சௌராஷ்டிரனீ ரசதார்'. சௌராட்டிரத்தின் சுவைப்பெருக்கு எனத் தமிழிற் பெயர்க்கலாம். சொன்ன சொல்லைக் காக்க உயிர் நீத்தோர், பகைவனாயினும் அடைக்கலம் புகுந்தவனைக் காத்தோர், காதலுக்காகத் துன்புற்றோர் ஆகியோரின் கதைகள் அவை. இவர்களுள் அரசரினும் ஆயரும் உழவரும் பெண்டிருமே மிகுதி. இதனைத் தொடர்ந்து, ஆட்சியாளரின் அநீதியால் காடுபுகுந்து கலகம் செய்தோரின் வரலாற்றை 'சோரடீ பஹாரவடியா' என மூன்று பகுதிகளாகத் தந்தார்.

பெண்டிர் பாட்டுக்களைத் திரட்டியது இவற்றினும் அரிய பணியாகும். அயலான் ஒருவன் முன் பெண்கள் பாட நாணுவர். பாடும்படி கேட்டால் மறந்துவிட்டது என்பர். பாட்டு அவர்க்குத் தனியாக எடுத்துக்காட்டும் பொருளன்று. மாவரைத்தல், தொட்டிலாட்டல், மணமகளை வழியனுப்பல் ஆகிய செயல்களோடு பிணைந்து வருவது. செயலினின்றும் பிரித்தால் பாட்டு நாவில் எழாது. இவ்வுண்மையை உணர்ந்த மேகாணி, பொறுமையோடு பழகி நம்பிக்கையைப் பெற்ற பின்னரே பாட்டைப் பெற்றார். போர்பந்தரை அடுத்த பகரளா என்னும் சிற்றூரில் தேலிபென் என்ற மேர் குலத்துப் பெண்மணி, இரவெல்லாம் அவருக்குப் பாடிக் கொடுத்த செய்தி குஜராத்தி இலக்கிய வரலாற்றிற் புகழ்பெற்றது. எழுத்தறியாத ஒரு பெண்ணைப் பட்டதாரி ஒருவர் ஆசிரியராகக் கொண்ட நிகழ்ச்சி அது.

'ரடியாளீ ராத்' என்னும் தலைப்பில் நான்கு பகுதிகளாக இப்பாடல்கள் அச்சேறின. முதற் பகுதி 1925இலும், இறுதிப் பகுதி 1942இலும் வெளிவந்தன. மணப்பாட்டுக்கள் 'சூந்தடீ' எனவும், தாலாட்டுக்கள் 'ஹாலர்டாம்' எனவும் தனித் தொகுதிகளாயின. ஊர்வாரியாகவோ எழுத்து வரிசையிலோ அமைக்காமல், தொட்டில் முதற் சுடுகாடு வரை மனித வாழ்வு செல்லும் முறையிற் பாடல்களைப் பகுத்தமை, அவற்றின் பயன்பாட்டை உணர்ந்த அறிஞர்க்கே இயல்வதாகும்.

ரஞ்சித்ராம் வாவாபாய் மேத்தா (1881-1917) என்பார், மேகாணிக்கு முன்னரே குஜராத்தி நாட்டுப் பாடல்களைத் திரட்டத் தொடங்கியவர்; 1905இல் குஜராத்தி சாகித்திய பரிஷத்தை நிறுவியவரும் அவரே. இளமையில் மறைந்த அவர் நினைவாக ஏற்படுத்தப்பெற்ற பொற்பதக்கம், 1928இல் முதன்முதலாக மேகாணிக்கே அளிக்கப்பெற்றது. வாய்மொழிப் பாட்டைத் திரட்டியவர்க்கு மொழியின் முதற்பெரும் விருது கிடைத்தமையால், அப்பாட்டும் இலக்கியமே என்பதனைக் கற்றோர் அவை ஏற்றுக்கொண்டது எனலாம்.

கவிஞர் மேகாணி

தொகுப்பாளர் மேகாணியும் கவிஞர் மேகாணியும் இருவரல்லர். பிறர் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பண்பட்ட செவியிலிருந்தே அவருடைய சொந்தப் பாட்டு எழுந்தது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது 'சிந்தூடோ' என்னும் பாடற் சிறுநூலை அவர் வெளியிட்டார். பெயரே போர்ப்பண்ணைக் குறிப்பது. அரசினர் அதனைத் தடைசெய்தனர். நூல் பறிமுதலாயினும் பாட்டு அடங்கவில்லை. மக்கள் கைப்பிரதி எடுத்துப் பரப்பினர். வாய்மொழியாக வழங்கிய பாட்டை அச்சுக்குக் கொணர்ந்தவரின் அச்சுப்பாட்டு, அரசின் தடையால் மீண்டும் வாய்மொழிக்கே சென்றது வியப்பன்றோ!

அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் அவர் கைதுசெய்யப்பெற்றார். பர்வாளா என்னும் ஊரில் அரசுக்கு மாறாகப் பேசினார் என்பது வழக்கு. அவர் பேசாத பேச்சுக்கே அவ்வழக்குத் தொடுக்கப்பெற்றது. தந்துகா நகர நீதிமன்றத்தில், அனுமதி பெற்றுத் தம் பாடலொன்றை அவர் பாடினார். தலைமுறை தலைமுறையாகப் பட்ட துன்பத்தை இறைவனிடம் முறையிடும் பொருளுடையது அப்பாடல். அவையினர் கண்ணீர் சொரிந்தனர். நீதிபதியும் கலங்கினார் என்பர். எனினும் தண்டனை தவறவில்லை. இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பெற்று, காந்தி-இர்வின் ஒப்பந்தத்தை அடுத்து 1931இல் விடுதலையானார்.

அதே ஆண்டில் காந்தியடிகள் வட்டமேசை மாநாட்டுக்குப் புறப்பட்டார். பயன் கிட்டாது எனப் பலரும் கருதிய அப்பயணத்தை முன்னிட்டு, 'கடைசிக் கிண்ணம்' என்னும் பொருள்பட மேகாணி ஒரு பாடல் இயற்றினார். தம் உள்ளத்து நிலையையே அப்பாடல் காட்டுகின்றது என அடிகள் கூறினர். 'ராஷ்டிரிய சாயர்', அதாவது தேசியக் கவி, என்னும் பட்டம் மேகாணிக்கு நிலைத்தது.

'யுகவந்தனா' (1935) அவருடைய கவித்தொகுதிகளிற் சிறந்தது எனக் கருதப்படுவது. அதில் விளங்கும் ஒரு பண்பு ஆராயத்தக்கது. போர்க்களத்தில் இறந்த பெயரறியா வீரனைப் பற்றிய அமெரிக்கப் பாடல் ஒன்றையும், அயல்நாட்டில் மடியும் போர்வீரனைப் பற்றிக் கரோலைன் நார்ட்டன் என்னும் ஆங்கிலப் பெண்கவி இயற்றிய பாடலையும் அவர் குஜராத்தியிற் பாடியுள்ளார். மூலத்தை அறியாதார் அவற்றைச் சௌராட்டிரத்து நாடோடிப் பாடல்களென்றே எண்ணுவர். அயற்கருத்து நாட்டுப்புற மெட்டில் இசைந்து, அந்நாட்டு ஆறும் மேடும் நிறைந்த புதுப்பாட்டாயிற்று. தாகூரின் கவிதைகளையும் இவ்வாறே 'ரவீந்திர வீணா' என்னும் நூலாக்கினார். தன் நாட்டுப் பாட்டில் வேரூன்றிய கவிஞனே உலகப் பாட்டை அச்சமின்றி ஏற்கவல்லன் என்பதற்கு இவை சான்றாகும்.

உரைநடையிலும் அவர் பெரும்புகழ் எய்தினார். 'வேவிஷாள்', 'துளசீக்யாரோ' முதலிய நாவல்கள் இன்றும் வாசிக்கப்படுவன. குற்றப் பரம்பரையினர் என ஒதுக்கப்பெற்ற மக்களிடையே தொண்டாற்றிய ரவிசங்கர் மகாராஜ் என்பாரின் அனுபவங்களைக் கேட்டு எழுதிய 'மாணசாயீனா தீவா' (மனிதத்தின் விளக்குகள்) 1946இற் பரிசு பெற்றது.

ஆராய்ச்சியாளர் மேகாணி

திரட்டுவதோடு அமைந்திருப்பின் அவர் தொகுப்பாளராகவே நின்றிருப்பார். திரட்டியவற்றின் இயல்பை ஆராய்ந்து கூறியமையாலேயே அறிஞராகவும் மதிக்கப்பெறுகின்றார். 1941இல் தாகூரின் அழைப்பின்பேரிற் சாந்திநிகேதனத்தில் நாட்டுப்புற இலக்கியம் பற்றி உரையாற்றினார். பின்னர்ப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலும் தொடர்ச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை 'லோகசாகித்யனும் சமாலோசன்' என 1946இல் நூலாயின.

வாய்மொழிப் பாட்டுக்கும் ஏட்டிலக்கியத்துக்கும் இடையே சுவர் இல்லை என்பது இவ்வாராய்ச்சித் துறையின் அடிப்படை உண்மை. 12ஆம் நூற்றாண்டிற் குஜராத்தில் வாழ்ந்த சமண முனிவர் ஹேமசந்திரர், தம் இலக்கண நூலில் அபப்பிரம்ச மொழிக்கு எடுத்துக்காட்டாக மக்களிடை வழங்கிய ஈரடிப் பாக்கள் பலவற்றைத் தந்துள்ளார். காதலும் வீரமும் பொருளாகக் கொண்ட அப்பாக்களின் வழித்தோன்றலே சாரணர் நாவில் வழங்கும் 'துஹா' என்னும் ஈரடிப் பா.

தமிழிலும் நிலை இதுவே. தொல்காப்பியர் செய்யுளியலிற் பண்ணத்தியையும் பிசியையும் முதுமொழியையும் எண்ணினார். இளங்கோவடிகள் கானல்வரியையும் ஆய்ச்சியர் குரவையையும் குன்றக் குரவையையும் காப்பியத்தினுள் வைத்தார். உலக்கைப் பாட்டாகிய வள்ளையும் ஊசற் பாட்டும் அம்மானையும் அங்கு இடம்பெற்றன. மாணிக்கவாசகரோ திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருச்சாழல் எனப் பெண்டிர் பாட்டின் வடிவங்களிலேயே இறைவனைப் பாடினார். நாட்டுப்பாட்டை இழிவென ஒதுக்கும் மனப்பான்மை நம் முன்னோரிடத்து இல்லை. அது பிற்காலத்துக் கல்வியின் விளைவேயாம்.

மேகாணியின் பணிக்குத் தடைகளும் கூறப்பெற்றன. முதலாவது, இவை கொச்சை மொழியின என்பது. வழக்குச் சொல்லை இலக்கணச் சொல்லாகத் திருத்தினால், அச்சொல்லோடு பிறந்த இசையும் உணர்ச்சியும் அழியும் என்பதனை அவர் தொகுதிகளே காட்டுகின்றன. அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதினாரேயன்றிச் சொல்லை மாற்றினாரல்லர். இரண்டாவது தடை வலிமையுடையது. கதைகளைக் கேட்டவாறே எழுதாது தம் நடையிற் புனைந்து எழுதினார் என்பது அது. 'ரசதார்' கதைகளைப் பொறுத்தவரை இஃது உண்மையே. ஆங்கே மேகாணி பதிவாளர் மட்டும் அல்லர். அவரும் ஒரு கதைசொல்லி. ஆயின் பாடற்றொகுதிகளில் அவர் கொண்ட நெறி வேறு. வாயினின்று வந்த வடிவத்தைக் காப்பதே அங்கு நோக்கம். எது மக்கள் மொழி, எது தொகுப்பாளர் மொழி என்பதை வாசகர் பிரித்தறியுமாறு எழுதவேண்டும் என்னும் பாடத்தை, பின்வந்தோர் இவ்விரண்டினையும் ஒப்புநோக்கிக் கற்றனர்.

மேகாணி 1947 மார்ச் 9ஆம் நாள் போட்டாத் நகரில் மாரடைப்பாற் காலமானார். அகவை ஐம்பது. எந்த விடுதலைக்காகப் பாடினாரோ, அது ஐந்து திங்களில் வந்தது; காண அவரில்லை. அவர் எழுதியவை நூறு நூல்களை நெருங்குவன.

மலைநாட்டில் ஒரு மேகாணி

குஜராத்தில் மேகாணி ஆற்றிய பணியை இலங்கை மலைநாட்டில் நினைவூட்டுபவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இற் பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த இவரும் கவிஞர், மக்கள் பாடல்களைத் திரட்டியவர், தாகூரின்பால் ஈடுபாடுடையவர். 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தாம் ஆங்கிலத்தில் எழுதிய இசைநாடகத்தை அவரிடம் அளித்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே இயற்றப்பெற்ற குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்தனுப்பிய மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1954இல் வெளிவந்த, தேயிலைத் தோட்டத்தைப் பாடும் அவருடைய ஆங்கில நெடுங்கவிதையைச் சக்தீ பாலையா 1969இல் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் சி. வி. தேடித் திரட்டிய தொகுதி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. அவர் 1984இல் மறைந்தார்.

பாட்டைப் போர்க்கருவியாகக் கொண்டோரும் இங்கு உளர். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார் தோட்டந்தோறும் சென்று, மக்கள் அறிந்த மெட்டுக்களில் உரிமைப் பாடல்களைப் பாடினார். அவை 1940இல் நூலாகவும் வந்தன. சௌராட்டிரத்திற் 'சிந்தூடோ' செய்த வேலையை மலைநாட்டில் அப்பாடல்கள் செய்தன.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சௌராட்டிர மக்கள் தம் பழைய மண்ணிலேயே வாழ்ந்தவர். மலைநாட்டு மக்களின் முன்னோரோ 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக் காட்டுவழியே நடந்து வந்தவர். தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் பாடிய தாலாட்டில், கோப்பிக் காடும் கங்காணியும் கண்டிச் சீமையும் புகுந்தன. 1869 முதற் பரவிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது, பாட்டிலும் கொழுந்தும் கூடையும் வந்தன. பெரட்டு, லயம், துண்டு என்னும் சொற்களைப் பாட்டு ஏற்றுக்கொண்டது. அலுவலகக் கணக்கேடு கூறாத தோட்ட வரலாற்றை இப்பாடல்களே கூறுகின்றன. எந்தக் கங்காணி கடுமையானவன், எந்தப் பாதையிற் பிள்ளை இறந்தது, எந்த மழையில் மலை சரிந்தது என்பவற்றை எழுதாத ஏட்டிற் குறித்துவைத்தவர் பெண்களே.

அவ்வேடு இருமுறை கிழிந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பமான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப் பங்கிட்டது. பதுளைப் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட முதியோர் பலரின் நெஞ்சில், பசறை, தெமோதரை, நமுனுகுலத் தோட்டங்களின் பாட்டுக்களும் சென்றன. கோத்தகிரி, கூடலூர்த் தேயிலைக் காடுகளில் அவை சில காலம் ஒலித்திருக்கும். இது முதற் கிழிவு. இரண்டாவது, இருந்தோரிடத்தே நிகழ்ந்தது. பள்ளிக்கூடம் வந்தது, வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. கல்வியால் உயர்ந்த பேரர், பாட்டியின் பாட்டைத் தாம் விட்டு வெளியேறிய லயத்தின் அடையாளமாக எண்ணி நாணினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்க வழிசெய்தது. மனிதர்க்குக் கிடைத்த அவ்வுரிமை அவர்தம் பாட்டுக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

செய்யத்தக்கது

மேகாணிக்கு ஒரு வார இதழ் துணைநின்றது. பதக்கம் வழங்க ஓர் அவை இருந்தது. பல்கலைக்கழக மேடையும் கிடைத்தது. தமிழகத்திற் கி. வா. ஜகந்நாதனின் 'மலையருவி', நா. வானமாமலையின் தொகுதிகள் ஆகியவை இவ்வாறே நிறுவனங்களின் துணையோடும் நண்பர் குழுவின் உழைப்போடும் உருவாயின. தனியொருவர் ஆர்வத்தால் மட்டும் இப்பணி நிறைவுறாது. கல்லூரிகளே இதற்கு உரிய நிலைக்களம்.

மலைநாட்டு மாணவர்க்கு மேகாணியைப் போல ஒட்டகம் ஏறும் தேவை இல்லை. தேடவேண்டியவர் பெரும்பாலும் தம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருப்பவர். பதிவு செய்வதற்கான கையடக்கத் தொலைபேசியும் உண்டு. எனினும் நெறி பழைய நெறியே. பாடுவோரின் செயலோடு பொருந்திய வேளையில் பாட்டைக் கேட்டல் வேண்டும். பாடியவர் பெயர், தோட்டம், பிரிவு, யாரிடம் கற்றார், எச்சடங்கிற் பாடுவது என்பவற்றைக் குறித்தல் வேண்டும். பெயரை வெளியிட அவரது இசைவைப் பெறுதல் வேண்டும். ஒரு சொல்லையும் திருத்தாது எழுதி, விளங்காச் சொல்லுக்குப் பாடியவரிடமே பொருள் கேட்டல் வேண்டும். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடும் இரவுகள் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஒப்பாரி அறிந்த முதியோரும் ஆங்காங்கு உள்ளனர். ஆண்டுதோறும் அவர் தொகை குறைகின்றது.

உ. வே. சாமிநாதையர் சுவடியைத் தேடிச் சென்றபோது, செல்லரித்த ஓலையேனும் சிலவிடத்து எஞ்சியிருந்தது. வாய்மொழிப் பாட்டுக்கு ஓலையும் இல்லை. பாடுவோரின் உடம்பே அதன் ஓலை. அவர் மறைந்த நாளிலே நூலும் மறையும். இதனை உணர்ந்தமையாலேயே மேகாணி கல்கத்தாவின் ஊதியத்தை விடுத்துக் காத்தியவாரின் புழுதிவழியை ஏற்றார். எழுத்தறியா ஒரு பெண்ணின் முன் குறிப்பேட்டுடன் மாணவராக அமர்ந்த அப்பட்டதாரியின் பணிவு, நமுனுகுல மலைச்சாரலில் வளரும் பட்டதாரிகளுக்கும் வாய்க்குமாயின், அங்கு எஞ்சிய தாலாட்டுக்களேனும் ஏடேறி நிலைபெறும்.